ஆணியில் தொங்கிய தட்டு

அத்தியாயம் 12

போன வாரம் தனக்கொடியைக் கையில் ஒரு மாத்திரைப் புட்டியோடு நிறுத்திவிட்டு வந்தோம். உங்களுக்கு ஒரு வாரம்தான் போயிருக்கிறது. அவளுக்கு மூன்று மாதம் ஓடிவிட்டது.

மறந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய மாதத்தில்தான் தனக்கொடிக்குக் கல்யாணம் நடந்தது. ஏழு வருஷமாகியும் குழந்தை இல்லை. மாதா மாதம் வருகிற வயிற்று வலியோ சொல்லி முடியாது. சுருண்டு படுத்தால் எழுந்திருக்க நான்கு நாளாகும். பெரிய ஆஸ்பத்திரியில், கர்ப்பப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் வலி ஒரேயடியாகப் போய்விடும் என்றார்கள். குழந்தை என்ற பேச்சும் கூடவே போய்விடும்.

அதற்கு மனசு வராமல் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டாக்டர் சந்திரகலாவிடம் போனாள். அவர் வேறு வழி சொன்னார். கர்ப்பப்பைக்குள்ளே இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. மாதா மாதம் அதுவும் கசிகிறது. போக வழியில்லாமல் உள்ளேயே கட்டிக்கொள்கிறது. ஒன்பது மாதம் தீட்டே வராமல் நிறுத்தி வைத்தால் அது வாடிச் சுருங்கும். அதற்குப் புதிதாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது. பிரெஞ்சு தேசத்தில் மார்செயில் இருக்கும், தன்னோடு படித்த டாக்டர் தேவதாஸுக்கு எழுதி, அதை வரவழைத்தும் கொடுத்தார்.

"நீ மாசமா இருக்கேன்னு உடம்பை நம்ப வைக்கிற மருந்து இது," என்றார் அன்று.

உடம்பு நம்பியது. வம்பு என்னவென்றால், மாமியாரும் நம்பிவிட்டாள்.

* * *

வெள்ளிக்கிழமை காலை. மில்லின் முதல் சங்கு ஊதி அடங்கியிருந்தது. தனக்கொடி தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமியார் மணியம்மாள் அந்தத் தட்டைக் கையில் எடுத்திருந்தாள்.

நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டு அது. பின்சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வீட்டுக்குத் தூரமான நாட்களில் தனக்கொடி அதில்தான் சாப்பிடுவாள், கழுவுவாள், திரும்ப மாட்டுவாள். அவளைத் தவிர வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. ஏழு வருஷத்தில் மணியம்மாளின் சேலை கூட அதில் பட்டதில்லை. இன்று அவளே சாம்பல் போட்டுத் தேய்த்து, கோணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னா பண்றீங்க அத்தை?"

"பரண்ல போடறேன். மூணு மாசமா சும்மா தொங்குது, சிலந்தி கூடு கட்டிடுச்சு. புள்ள பொறந்ததுக்கு அப்புறமா எடுத்துக்கலாம்."

தனக்கொடி குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"மத்தியானம் செல்வா வரா," என்று மணியம்மாள் தொடர்ந்தாள். செல்வா என்றால் மூத்த மகள் செல்வாம்பாள், ரெட்டியார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். "அஞ்சாம் மாசம் பூ முடிக்கணும் இல்லையா. நாள் பாத்து வெச்சுடலாம்னு வரச் சொன்னேன். நீ அந்தக் குடத்தைத் தூக்காதே. வெச்சுட்டு உள்ள போ."

புருஷன் கன்னியப்பன் சாப்பாட்டுத் தூக்கோடு தெருக்கதவருகே நின்றிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருந்தது. தனக்கொடி அவன் பின்னாலேயே வாசல் வரை போனாள்.

"இன்னிக்கு சொல்றேன்னீங்களே."

"சாயங்காலம் சொல்றேன் தனம்."

"மூணு மாசமா தெனம் சாயங்காலம் வருது."

"அம்மா எவ்ளோ சந்தோஷமா இருக்குது பாத்தியா? அந்த மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது?"

இரண்டாவது சங்கு ஊதியது. தப்பித்தோம் என்று சைக்கிளில் ஏறிவிட்டான். கன்னியப்பன் கெட்டவன் இல்லை. தறியில் நூல் அறுந்தால் கண் மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிடுவான். வீட்டில் ஒரு வார்த்தையை எடுத்து முடிக்கத்தான் அவனுக்கு வராது.

அவனை மட்டும் சொல்வானேன்? தனக்கொடியும்தான் சொல்லவில்லை. முதல் மாதம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். மாத்திரை குமட்டியது, வாந்தி எடுத்தாள். மணியம்மாள் ஓடி வந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அந்தக் கை அவள் நெற்றியில் பட்டது அன்றுதான். அடுத்த வாரம் மீன் குழம்பில் நடுத்துண்டு அவள் தட்டுக்கு வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் வழி விட்டார்கள். அதெல்லாம் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதுதான் இப்போது அவளை அரித்தது.

பயமும் இருந்தது. வர வேண்டியதை மருந்து போட்டு நிறுத்தினால் பிள்ளை எப்படி வரும் என்று மாமியார் கேட்பாள். புட்டியைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டுவாள். பிறகு மீதி இருப்பது அந்தப் பெரிய ஆபரேஷன்தான். அதற்கப்புறம் சேதராப்பட்டு கண்ணையன் மகளுக்குக் கதவு திறந்துவிடும். தம்பிக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைக்கலாம் என்று செல்வாம்பாள் போன தையிலேயே பேசி வைத்திருந்த பெண் அவள்.

* * *

அன்றைக்கே டாக்டரிடம் போகிற நாளும் சேர்ந்துகொண்டது. வழக்கமாகச் சத்து ஊசிக்குப் போவதாகச் சொல்லித் தனியாகப் போய் வருவாள். இன்று மணியம்மாள் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"முழுகாம இருக்கறவள வெயில்ல தனியா அனுப்பறதா? நானும் வரேன்."

"நடந்து போயிட்டு வந்துடறேன் அத்தை."

"நடக்கறதா? நல்லாச் சொன்னே போ."

ரிக்‌ஷா வந்தது. மேடு பள்ளம் வந்தபோதெல்லாம் மணியம்மாள் ரிக்‌ஷாக்காரனிடம், "மெதுவாப்பா, மாசமா இருக்கற பொண்ணு," என்றாள். வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஆறு தடவை சொல்லிவிட்டாள்.

டாக்டர் சந்திரகலாவின் வீட்டு முன்கூடம்தான் ஆஸ்பத்திரி. மணியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்த கையோடு பக்கத்தில் இருந்தவர்களிடம் பேச்சை ஆரம்பித்துவிட்டாள். தனக்கொடி உள்ளே போனாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. இப்போ நெல்லிக்காய். வலி?"

"இல்லைங்க. மூணு மாசமா ஒரு நாள் கூடப் படுக்கல."

"வேற என்ன?"

தனக்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். "முந்தாநாள்லேருந்து லேசா ரத்தம் பட்டுச்சுங்க. ரெண்டு தடவ."

"பயப்படாதே. அளவு பத்தலன்னு அர்த்தம். இன்னிலேர்ந்து ரெண்டுக்குப் பதிலா மூணு போடு." கார்னே என்று அவர் சொல்லும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "இன்னும் ஆறு மாசம். அதுக்கப்புறமும் நெல்லிக்காய் அப்படியே இருந்தா, அதை மட்டும் எடுக்கறதுக்கு நானே நல்ல சர்ஜனைப் பாத்து அனுப்பறேன். கர்ப்பப்பையைத் தொட வேண்டியிருக்காது."

"நடுவுல நிறுத்திட்டா?"

டாக்டர் பேனாவை மூடினார். "ஏன் கேக்கறே?"

தனக்கொடி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். தட்டு, பரண், பூ முடிக்கிற நாள், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமியார், எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட ராமா," என்று டாக்டர் நோட்டைத் தள்ளி வைத்தார். "இப்போ நிறுத்தினா சுருங்கினது மறுபடி கிளம்பும். அப்புறம் பெரிய கத்திதான். எவ்வளவு மிஞ்சும்னு என்னால சொல்ல முடியாது. நான் வேணா அவங்ககிட்ட பேசட்டுமா?"

"வேணாங்க. நீங்க சொன்னா, இவ்ளோ நாளா மறைச்சுட்டு டாக்டர வெச்சுச் சொல்றா பாருன்னுதான் ஆகும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் திரை விலகியது. மணியம்மாளுக்குப் பெஞ்சில் இருப்புக் கொள்ளவில்லை.

"டாக்டரம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. மாசக்கணக்கு கரெக்டா தெரிஞ்சா நாள் குறிக்கத் தோதா இருக்கும். மூணு முடிஞ்சுதா, நாலு நடக்குதா?"

டாக்டர் தனக்கொடியைப் பார்த்தார். தனக்கொடி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"மாசம் இல்ல அத்தை."

"என்னா?"

"நான் முழுகாம இல்ல. மருந்து சாப்புடறேன். அந்த மருந்துதான் நிறுத்தி வெச்சிருக்குது. வயித்துக்குள்ள கட்டி இருக்குது, அது சுருங்கறதுக்கு. மொத நாளே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

மணியம்மாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மெல்லத் தலையை ஆட்டினார்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள். மணியம்மாள் கத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வா போலாம்," என்றாள். வெளியே காத்திருந்த ரிக்‌ஷாவை அனுப்பிவிட்டாள்.

* * *

வெயிலில் நடந்தே வந்தார்கள். மணியம்மாள் முன்னே, தனக்கொடி நாலடி பின்னே. வாய்க்கால் பாலம் வந்தது, கடைத்தெரு வந்தது, மில் சுவர் வந்தது. ஒரு வார்த்தை இல்லை. இரண்டு அறை விட்டிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது தனக்கொடிக்கு.

தெரு திரும்பும் இடத்தில் மணியம்மாள் நின்றாள்.

"டாக்டரம்மாகிட்ட பட்டுச்சுன்னு என்னமோ சொல்லிட்டு இருந்தியே. பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு."

"முந்தாநாள் லேசா..."

"முந்தாநாள் நீதானே சாமி விளக்கு ஏத்தினே? அடுப்படிக்கும் வந்தே."

இது மாமியாருக்குச் சின்ன விஷயம் இல்லை என்று தனக்கொடிக்குத் தெரியும். பிள்ளை இல்லை என்பதைக் கூட அவள் பொறுத்துக்கொள்வாள். இதைப் பொறுப்பாளா?

"மருந்தால வர்றது தூரமா, தூரம் இல்லையா? அதைக் கேட்டியா டாக்டரம்மாவ?"

"கேக்கல அத்தை."

"கேக்காம மூணு நாளா உள்ளயே பொழங்கியிருக்கே," என்றாள் மணியம்மாள். மறுபடி நடந்தாள்.

வீட்டில் செல்வாம்பாள் வந்து காத்திருந்தாள். நான்கு முழம் மல்லிகை, ஒரு சீப்பு வாழைப்பழம், மடியில் பஞ்சாங்கம். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள்.

"என்னாம்மா, நடந்தா வரீங்க? இவள நடக்க வெச்சா கூட்டிட்டு வந்தே?"

"பூவ சாமிக்குப் போடு. நாள் பாக்க வேணாம்."

"ஏன், கலைஞ்சுடுச்சா?"

"இருந்தாத்தானே கலையறதுக்கு." மணியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். ரெண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

செல்வாம்பாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மூணு மாசம் நம்மள முட்டாளாக்கியிருக்கா. எங்க தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன் நான். நாளைக்கு எவ மூஞ்சில முழிப்பேன்? அந்த மாத்திரைய மொதல்ல எடுத்து வெளிய போடு. இவளுக்கு வயித்துவலின்னா நம்ம குடும்பம் அத்துப் போவணுமா? கண்ணையன் இன்னும் பொண்ண வெச்சுட்டுத்தான் இருக்கான். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

தனக்கொடி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரவில்லை.

"தனக்கொடி," என்று மாமியார் கூப்பிட்டாள். "அந்தப் புட்டிய எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்தாள். டிரங்குப் பெட்டியில், கல்யாணச் சேலைக்கு அடியில் இருந்தது. மணியம்மாள் வாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது சாப்புட்டதுலேருந்து வலிக்கலையா?"

"இல்ல அத்தை. ஒரு நாள் கூட."

"ஆமா. நீ கத்தி மூணு மாசமாச்சு," என்றாள் மணியம்மாள், தனக்குத்தானே பேசுவதைப் போல. பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "செல்வா, உங்க சின்னம்மா சின்னப்பாப்பா எப்படிப் போனான்னு தெரியுமா உனக்கு?"

"வயித்துவலின்னு சொல்லுவாங்க. ஊருல வேற என்னமோ கூடச் சொன்னாங்க."

"ஊரு ஆயிரம் சொல்லும். எனக்குத் தெரியும். மாசா மாசம் இதே மாதிரிதான் சுருண்டு கிடப்பா. அறுப்புக்கு வராம நடிக்கறான்னு சொன்னாங்க. யாரு சொன்னாங்க? நான்தான் சொன்னேன். அவ கூடப் பொறந்தவ, நானே சொன்னேன். கடைசியில தாங்க முடியாமப் போய்ச் சேந்துட்டா. இருபத்திரெண்டு வயசு அப்போ. அன்னிக்கு இப்படி ஒரு புட்டி இருந்திருந்தா..."

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். புட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் வந்தது தப்பு," என்று செல்வாம்பாள் பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டாள். "உன் பேரப்புள்ளய அந்தப் புட்டிக்குள்ளயே பாத்துக்கோ." மூன்று மணிக்கெல்லாம் படி இறங்கிப் போய்விட்டாள். பூவும் பழமும் வைத்த இடத்திலேயே கிடந்தன.

மணியம்மாள் மடியில் புட்டியோடு அப்படியே படுத்துவிட்டாள். திருப்பிக் கொடுப்பாளா, மாட்டாளா என்று தனக்கொடிக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

* * *

ஐந்து மணிக்குக் கன்னியப்பன் வந்தான். சைக்கிளை நிறுத்தும்போதே ஆரம்பித்தான்.

"அம்மா, உன்கிட்ட ஒரு விஷயம்..."

"எல்லாம் ஆச்சு. கால கழுவிட்டு வா," என்றாள் மணியம்மாள். "மூணு மாசமா வாயில கொழுக்கட்டையாடா வெச்சிருந்தே? பொண்டாட்டிய டாக்டர் வீட்டுல தனியா நின்னு சொல்ல வெச்சிருக்கே."

கன்னியப்பன் மனைவியைப் பார்த்தான். அவள் அடுப்பைப் பார்த்தாள். அவளுக்கு அவன்மேல் நல்ல கோபம் இருந்தது. அது வேறொரு நாளைக்கு ஆகும்.

விளக்கு வைக்கிற நேரம். தனக்கொடி தீப்பெட்டியை எடுத்தவள் தயங்கி நின்றாள். விளக்கை ஏற்றலாமா? அடுப்படியை விட்டுப் பின்கட்டுக்குப் போகலாமா? பரணில் இருக்கும் தட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டுமா?

மணியம்மாள் பின்னால் வந்து நின்றாள்.

"ஏத்து."

"அத்தை..."

"நான் யோசிச்சுட்டேன். தானா வர்றதுதான் தூரம். மருந்துக்கு வர்றது மருந்தோட சேத்தி. டாக்டரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, நான் சொல்றேன். ஒம்போது மாசமும் தட்டு பரண்லயே கிடக்கட்டும்."

தனக்கொடி விளக்கை ஏற்றினாள். திரும்பியபோது மாமியார் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. இன்னொரு கையை விரித்தாள். உள்ளங்கையில் மூன்று மாத்திரை.

"ரெண்டு இல்ல, மூணுன்னுதானே சொன்னாங்க? பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு."

அப்போதுதான் தனக்கொடிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே விழுங்கினாள்.

"இதெல்லாம் முடிஞ்சா புள்ள நிச்சயமா?" என்று மணியம்மாள் கேட்டாள். பொய் சொன்னால் நம்பிவிடுவாள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நிச்சயம் இல்ல அத்தை. ஆவலாம், ஆவாமலும் போவலாம். இனிமே பழையபடி வலிக்காது, அவ்ளோதான் இப்போதைக்குத் தெரியும்."

மணியம்மாள் டம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "சரி. மொதல்ல வலி போவட்டும்."

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ரெட்டியார்பாளையத்து மாப்பிள்ளை கோவிந்தராசு, செல்வாம்பாளின் புருஷன், வியர்வையோடு நின்றான்.

"செல்வா இங்க இருக்காளா அத்தை? விளக்கு வெக்கறதுக்குள்ள வரேன்னு சொல்லிட்டு வந்தா."

"மூணு மணிக்கே கிளம்பிட்டாளே."

"அப்போ பஸ் நிக்கற இடத்துல சொன்னது நெசந்தான்." கோவிந்தராசு தலையைச் சொறிந்தான். "சேதராப்பட்டு வண்டியில ஏறினாளாம்."

சேதராப்பட்டில் செல்வாம்பாளுக்கு யார் வீடு இருக்கிறது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

"காலையில மொத வண்டி எத்தனை மணிக்கு மாப்ளே?" என்றாள் மணியம்மாள்.

"அஞ்சரைக்கு."

"நீ எதுக்கும்மா அலையறே?" என்றான் கன்னியப்பன். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"நீ போய் என்னாடா சொல்லுவே? சாயங்காலம் சொல்றேன்னு சொல்லுவியா?" மணியம்மாள் மாத்திரைப் புட்டியை எடுத்து, யாருக்கும் ஒளிக்காமல், அடுப்படி மாடத்தில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். "தனக்கொடி, நாளைக்கு நான் இல்லன்னு விட்டுடாதே. மூணு. எண்ணிப் போடு."

அந்த நேரத்தில் சேதராப்பட்டில், கண்ணையன் வீட்டுக் கூடத்தில் செல்வாம்பாள் தலை வாழை இலையில் சாப்பிட்டு முடித்திருந்தாள். வெற்றிலைத் தட்டு நடுவே வந்துவிட்டது. கண்ணையன் நாள் எதுவென்று கேட்டான். அவள் மடியிலிருந்த பஞ்சாங்கத்தை எடுத்து விரித்தாள்.